குப்பத்தில் நடு ராத்திரி: பயந்துபோன சனத்தை எப்படி நடத்துவது?

(திரையில்: எண்ணூர் கடற்கரை, இரவு)

2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, மூச்சு திணறி எழுந்தார்கள். கடலுக்கடியில் போகும் ஒரு குழாயிலிருந்து அமோனியா கசிந்திருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து முகத்துவாரத்தில் படிந்து, வலையும் படகும் கறுத்துக் கிடந்தன. போதாததற்கு அன்று சுனாமி வந்த தேதி. 19 வருடமாக மறக்காத நாள். அந்தச் சனத்தின் காதில் இருட்டில் "ஓடு, ஓடு" என்று விழுந்தால் எப்படி இருந்திருக்கும்?

அப்படி ஒரு ராத்திரியில் முன்னால் நிற்க வேண்டியவர்களுக்காக இந்த வீடியோ. ஊர்த் தலைவர், மகளிர் குழு அக்கா, லாஞ்சு டிரைவர், தெருப் பையன், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

(திரையில்: உடலின் வரைபடம், சிறுநீரகத்தின் மேல் அட்ரினல் சுரப்பி)

பயம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், கவனம் ஒரே புள்ளியில் குவியும். நீளமாகப் பேசினால் மண்டையில் ஏறாது. சிலர் நின்ற இடத்திலேயே உறைந்துபோவார்கள். பலர் வீட்டுக்குள் திரும்ப ஓடுவார்கள், பிள்ளையைத் தூக்க, ஆயாவை எழுப்ப. வெளியூர்க்காரர்கள் இதைப் பீதி என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. பெற்றவளை விட்டுவிட்டு ஓட யாருக்கு மனசு வரும்? அதை அதட்டி நிறுத்த முடியாது. அந்தப் பாசத்தையே வேலையாக மாற்றிக் கொடுங்கள்.

"எல்லாரும் பத்திரமா இருங்க" என்று கத்தினால் ஒருவரும் அசைய மாட்டார்கள். ஆளைப் பார்த்து, பெயர் சொல்லி, ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். "தம்பி, எதிர் வீட்டு ஆயாவைத் தூக்கு." "அக்கா, துணியை நனைச்சு பிள்ளைங்க மூக்கை மூடுங்க." அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால்தான் ஈரத்துணி. அப்புறம் காற்று. எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். கடல் காற்று வீசினால் கரையை ஒட்டித் தெற்கே திருவொற்றியூர் பக்கம் போகலாம், காற்று மாறினால் வழியும் மாறும். கைக்கு வேலை வந்ததும் நடுக்கம் கொஞ்சம் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். உங்கள் நடுக்கமும்தான்.

(திரையில்: சென்னைத் துறைமுகத்தின் பழைய படம்)

இப்போது ஒரு பழைய கதை. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் நம் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டது. அரை மணி நேரத்துக்குள் சுட்டு முடித்துப் போய்விட்டது. சனம் மட்டும் அதற்குப் பிறகும் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய்க்கொண்டே இருந்தது. கப்பல் திரும்பி வருமா, வராதா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நம்பும்படி ஒருவர் சொல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது. "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் பேசுகிறோமே, அந்த பயத்தின் மிச்சம்தான் அது.

இன்று வாட்ஸ்அப்பில் அதே வதந்தி இன்னும் வேகமாக ஓடும். அதனால் மூன்று வாக்கியம் போதும்: "எனக்குத் தெரிஞ்சது இது. இது இன்னும் தெரியலை. ஒரு மணிக்கு இதே கோயில் வாசலுக்கு வந்து சொல்றேன்." ஒரு மணிக்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் கட்டாயம் போய் நில்லுங்கள். "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆகிவிட்டால், அடுத்த முறை உங்களை யார் நம்புவார்கள்?

(திரையில்: விடிகாலை, காசிமேடு)

வாசம் போன பிறகும் உடம்பு அதை மறக்காது. தூக்கம் வராது, எரிச்சல் வரும், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். முதல் சில வாரம் இது இயல்பு. நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள், பேச நினைத்தால் அவர்களே பேசுவார்கள்.

முன்னால் நின்றவரைத்தான் ஊர் மறந்துவிடுகிறது. எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைசியில் கிளம்பியவர் அவர். ராத்திரி முறை போட்டு அவரையும் தூங்க வையுங்கள். ஒரு மாதம் ஆகியும் பாரம் இறங்கவில்லை என்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.