காகத்துக்குப் போட்ட கம்பி

எல்லாருக்கும் வணக்கம். இப்போது கேட்கிற சத்தம் கோச்சி, ரயில்தான். மரைன் டிரைவுக்கு அங்கால் தண்டவாளம், அதற்கும் அங்கால் கடல். கொழும்பு வெள்ளவத்தையில் வீடியோ எடுப்பதென்றால் இடைக்கிடை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பொறுங்கள், போகட்டும்.

சரி. போன முறை நான் கீறிய படங்களைச் சுவரில் சாத்திவைத்து ஒரு சுற்றுக் காட்டினேன். அதற்குப் பிறகு என்னிடம் கேட்ட பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "கடல் படங்களில் ஏன் குறுக்கே கம்பி? அது சிறைதானே?" ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், தமிழ்ப் பெண் என்றால் வேறு எதைக் கீறுவாள் என்று எனக்கே விளங்கப்படுத்தினார்.

இதுதான் அந்தப் படம். கமெராவைக் கிட்டக் கொண்டுபோகிறேன். மூன்றடிக்கு நாலடி, அக்ரிலிக். மேலே வானம், நடுவில் ஒரு சாம்பல் பட்டை, அது கடல். முன்னால் ஆறு கம்பி. அந்தக் கம்பி காகத்துக்குப் போட்டது.

உண்மையாகத்தான் சொல்கிறேன். வீட்டார் 1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த மூன்றாம் மாடிக்குக் குடியேறியபோது குசினி யன்னலில் ஒன்றுமே இல்லையாம். அம்மம்மா இறால் உடைத்துச் சட்டியில் போட்டுவிட்டு உப்பு எடுக்கத் திரும்பினாராம். அவ்வளவுதான், சட்டியில் பாதி இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு முழுப் பாரைத் துண்டு போனது. மூன்றாம் நாள் அப்பா இரும்புக் கம்பி ஒட்டுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் பிறந்து நிமிர்ந்து பார்த்த முதல் கடலே ஆறு துண்டாகத்தான் இருந்தது.

ஆனால் காகத்தோடு கதையை முடித்தால் நான் பாதிப் பொய் சொன்னவள் ஆவேன். ரோட்டைக் கடந்தால் கடற்கரை. ஆனால் யுத்த காலம், எனக்குப் பத்து வயது தாண்டும்வரை என்னை அங்கே விளையாட விட்டதில்லை. "உள்ளே இருந்து பார், அதே கடல்தான்" என்பார் அப்பா. அடையாள அட்டை இல்லாமல் வாசலைத் தாண்டாத மனிதர். ஆகவே கேட்டவர்கள் முழுதும் பிழை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் நேரே சிறைக்குப் போய்விடுகிறார்கள், நான் இறால் சட்டி வழியாகப் போகிறேன். எனக்கு அந்தச் சட்டிதான் முக்கியம்.

இந்தப் படத்தின் துருவைப் பாருங்கள். இந்த மூலை. இது டியூப்பில் வந்த நிறம் இல்லை, எங்கள் யன்னலின் துரு.

கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் இரும்பு நிற்காது, உப்புக்காற்று தின்றுவிடும். அப்பா இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிப்பார், கடையில் எது மலிவோ அந்த நிறம். முதலில் பச்சை, பிறகு கிரீம், பிறகு ஒரு பொல்லாத மண்ணிறம், கடைசியாக வெள்ளி. துரு பொங்கி உரியும்போது நாலும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். மரவள்ளிக் கிழங்கின் தோல் உரிகிற மாதிரி. ஒரு நிறத்தின் கீழே இன்னொரு நிறத்தை ஒளித்துவைத்து, பிறகு சுரண்டி வெளியே எடுக்கிற என் வேலை முழுதும் அங்கே படித்ததுதான். வகுப்புக்குக் காசு கட்டிப் படித்தேன், அது வேறு கதை.

பர்ன்ட் சியன்னா என்று விற்கிற நிறமும் அடிப்படையில் இரும்பு ஒக்சைட் கலந்த மண்தான், சுட்ட மண். அப்போ எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே என்று கத்தியால் துருவைச் சுரண்டிச் சேர்த்தேன். அப்படியே கலக்கக் கூடாது. அதற்குள் உப்பு இருக்கும், படத்தில் போன பிறகும் ஈரத்தை இழுக்கும். பழைய வேட்டித் துணியில் கட்டி, தண்ணீர் மாற்றி மாற்றி ஏழெட்டுத் தரம் கழுவினேன். காயவைத்து, அரைத்து, பாதியைத் தாச்சியில் போட்டு வறுத்தேன். மஞ்சள் கலந்த மண்ணிறம் கண்முன்னே சிவப்பாகத் திரும்பியது. பார்க்க அவ்வளவு அழகு. அம்மா குசினிக்கு வந்தார். அந்தத் தாச்சி இப்போது என் தூரிகைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சமையலுக்கு வேறு வாங்கியாயிற்று. நீங்கள் செய்தால் முகத்துக்கு மாஸ்க் போடுங்கள், பழைய பெயின்ட் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் ஈயம் இருக்கலாம். சாப்பாட்டுச் சட்டியை எடுக்கவே வேண்டாம்.

இடையில் ஒன்று. பத்தொன்பது வயதில் பார்ன்ஸ் பிளேஸில் இருக்கிற சபுமல் பவுண்டேஷனுக்குப் போனேன். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. 1943இல் கொழும்பில் ஓவியர்கள் தொடங்கிய '43 குழு'வின் படங்கள் அங்கே இருக்கின்றன. ஐவன் பீரிஸின் படங்களை அங்கேதான் கண்டேன். இரண்டு பீரிஸும் ஒன்றுபோல் கேட்டாலும் ஆங்கிலத்தில் எழுத்து வேறு. ஐவனுடைய கடற்கரைகளில் கடல் ஒரு பட்டையாகக் கிடக்கும், ஆட்கள் அசையாமல் நிற்பார்கள். அவர் பிறந்தது எங்களுக்குப் பக்கத்துத் தெஹிவளையில். ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதி இங்கிலாந்தில், அதிலும் பல வருடம் சவுத்எண்ட் என்ற கடலோர ஊரில். அங்கே இருந்துகொண்டு இந்தக் கடற்கரையைத்தான் திரும்பத் திரும்பக் கீறினார். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பொறாமை. தூரத்தில் இருந்தவருக்குக் கடல் முழுசாகக் கிடைத்திருக்கிறது. யன்னலடியில் இருக்கிற எனக்குத் துண்டு துண்டாகத்தான் வருகிறது. அதுவரை கம்பியை விட்டுவிட்டுக் கடலை மட்டும் கீறி வந்தேன், ஒன்றும் சரிவரவில்லை. வீட்டுக்கு வந்து கம்பியையும் கீறினேன்.

இந்த ஆடிவேல் திருவிழாத் தேர்ப் படத்தைத் தாண்டிப் போகிறேன். கேட்டுச் செய்தது. வாங்கியவருக்குப் பிடித்தது, எனக்கு அவ்வளவாக இல்லை.

இது காயப்பட்ட படம். கடலின் இடது பக்கம் உரிந்து வெள்ளை தெரிகிறதா? பிரேம் போடக் கொடுத்த கடையில் கண்ணாடியைப் படத்தோடு ஒட்ட வைத்துவிட்டார்கள். இடைவெளி விட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அக்ரிலிக் காய்ந்தாலும் கொழும்புச் சூட்டில் கொஞ்சம் இளகும். ஆறு மாதம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றினால் பாதிக் கடல் கண்ணாடியோடு போய்விட்டது. ஒருநாள் முழுக்க அழுதேன். அப்புறம் அந்தக் கண்ணாடியையும் எறியவில்லை, இந்தா, யன்னலில் சாத்தி வைத்திருக்கிறேன். வெளியே உண்மைக் கடல், நடுவில் கம்பி, இங்கால் ஒட்டிப்போன கடல். திட்டம் போட்டு இதை என்னால் செய்திருக்க முடியாது.

கலா பொலவில் ஒருமுறை கடை போட்டேன். 1993இலிருந்து நடக்கிற ஓவியச் சந்தை அது, ஆனந்த குமாரசாமி மாவத்தையில், மரங்களுக்குக் கீழே. ஒரு ஐயா நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "மகள், இதில் கம்பி இல்லாமல் ஒன்று இருக்கா? ஹோலில் மாட்ட" என்றார். இல்லை என்றேன். பக்கத்துக் கடையில் நல்ல பெரிய அலையாக ஒன்று வாங்கிக்கொண்டு போகும்போது எனக்குக் கையும் காட்டினார். நல்ல மனிதர்.

கடைசியாக, முடியாத படம். அம்மம்மாவின் கை, மடியில் பேப்பர், பேப்பரில் முருங்கையிலை. அவர் போய் நாலு வருடம். இலை வந்துவிட்டது, பேப்பர் வந்துவிட்டது. விரல் வரவில்லை. காம்பை இரண்டு விரலால் பிடித்துக் கீழ்நோக்கி ஒரு இழுப்பு இழுப்பார், இலை முழுதும் பொலபொலவென்று விழும். அந்த இழுப்பில் பெருவிரல் எந்தப் பக்கம் மடியும்? அம்மாவைச் செய்யச் சொல்லிப் பார்த்தேன், அம்மா ஒவ்வொரு இலையாகக் கிள்ளுகிறார். சித்தியும் அப்படித்தான். வாரத்துக்கு இரண்டு பிடி முருங்கையிலை வாங்கி நானே இழுத்துப் பார்க்கிறேன். வீட்டில் வறை சாப்பிட்டுச் சாப்பிட்டு எல்லாருக்கும் அலுத்துவிட்டது.

அடுத்த மாதம் இந்தக் கம்பியைக் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத ஸ்டீல் போடப்போகிறார் அப்பா. பழையதை எனக்குத் தரச் சொல்லியிருக்கிறேன், எங்கே வைப்பது என்றுதான் அம்மா கேட்கிறார். அது வரைக்கும்... ஏய், சூ! பாருங்கள், கம்பிக்குள்ளால் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறது. குசினியில் மீன் திறந்து கிடக்கிறது, நான் போகிறேன்.