பேங்குக்குப் போற லெட்டரை யார் போஸ்ட் பண்றது?

வணக்கங்க. ஆடிட் சீசன், அதனாலதான் ரெண்டு வாரமா ஆளையே காணோம். பின்னாடி மாடியில டிரில்லிங் வேலை நடக்குது, சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.

ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ. படிப்புக்காக ஆடிட் ஆபீஸ்ல பயிற்சி, பண்ற ஒரு தம்பி மெயில் போட்டிருந்தாரு. "அண்ணா, எதிக்ஸ்னு அஞ்சு கொள்கையை மனப்பாடம் பண்ணி பரீட்சையில எழுதிடறோம். ஆபீஸ்ல நாள் பூரா வவுச்சருக்கு டிக் அடிக்கிறேன். இந்த எதிக்ஸ் எங்கதான் வருது?"ன்னு.

நியாயமான கேள்வி. என்னைக் கேட்டா, அது பேங்க் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல வருது. அந்தக் கவரை நீங்க யார் கையில குடுக்கறீங்கங்கறதுல வருது. சிரிக்காதீங்க, சீரியஸாதான் சொல்றேன்.

ஆடிட் பக்கம் வராதவங்களுக்கு மட்டும் சுருக்கமா. மார்ச் 31 அன்னிக்கு பேங்க்ல இவ்வளவு பணம், இவ்வளவு எஃப்.டி. இருக்குன்னு கம்பெனி புத்தகத்துல எழுதியிருப்பாங்க. அது நிஜமான்னு ஆடிட்டர் பேங்கையே கேக்கணும். லெட்டர் கம்பெனி லெட்டர்ஹெட்லதான் போகும், ஏன்னா கணக்கு அவங்களோடது, அவங்க அனுமதி இல்லாம பேங்க் வாயைத் திறக்காது. கையெழுத்து கம்பெனி போடும். ஆனா அனுப்பறது ஆடிட்டர். பதில் வர்ற முகவரியும் ஆடிட்டர் ஆபீஸ். எஸ்.ஏ. 505ன்னு ஒரு ஆடிட் ஸ்டாண்டர்டு இருக்கு, முழுக்க இதைப் பத்திதான். யாரைக் கேக்கணும், என்ன கேக்கணும், எப்படி அனுப்பணும், பதிலை யார் வாங்கணும், எல்லாமே ஆடிட்டர் பிடியில இருக்கணும். அவ்வளவுதான் விஷயம். ஒரு கவர், ஒரு ஸ்டாம்ப்.

இந்தக் கவர் கை மாறினா என்ன ஆகும்? இப்ப சத்யம் மோசடிக்கு வருவோம்.

2009 ஜனவரி 7, ஹைதராபாத். சத்யம் கம்ப்யூட்டர்ஸ்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனியோட சேர்மன் ராமலிங்க ராஜு, கணக்குல மோசடி நடந்ததை ஒத்துக்கிட்டு தன்னோட போர்டுக்கு ஒரு லெட்டர் எழுதறார். புலி மேல ஏறி உக்காந்த மாதிரி ஆயிடுச்சு, அதுக்கு இரையாகாம எப்படி இறங்கறதுன்னு தெரியலன்னு அதுல ஒரு வரி வரும். இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் அந்தப் புலியைத்தான் பிடிச்சுத் தொங்கறாங்க. எனக்கு அதுல பெரிய ஆர்வம் இல்ல. அந்த லெட்டர் ஆரம்பத்துலயே ஒரு கணக்கு இருக்கு, அதைப் பாருங்க.

2008 செப்டம்பர் 30 பேலன்ஸ் ஷீட்டு. கையிருப்பும் பேங்க் பேலன்ஸும் சேர்த்து 5,361 கோடி ரூபாய்னு காட்டியிருக்காங்க. அதுல 5,040 கோடி கிடையாது. குறையுதுன்னு சொல்லல, கிடையவே கிடையாது. நூறு ரூபாய்னு எடுத்துக்கிட்டா தொண்ணூத்தி நாலு ரூபாய் வெறும் பேப்பர். அப்புறம், அந்த இல்லாத பணத்துக்கு வட்டி வரவேண்டியிருக்குன்னு 376 கோடி. எனக்கு இந்த வரியைப் படிக்கறப்போ எல்லாம் ஒரு சின்ன மரியாதையே வந்துடும், ஏன்னா பொய்யிலயும் கணக்கு சரியா இருக்கணும்ல? எஃப்.டி. இருந்தா வட்டி இருக்கணுமே. அப்புறம் காட்டாம மறைச்ச கடன் 1,230 கோடி. கஸ்டமர்ஸ் தரவேண்டியதுன்னு காட்டின 2,651 கோடில 490 கோடி ஊதிப் பெருக்கினது. அந்த குவார்ட்டர்ல ஆபரேட்டிங் லாபம் 649 கோடின்னு வெளிய சொன்னாங்க, உள்ள இருந்தது 61 கோடி.

இதுல எதைக் கண்டுபிடிக்கறது கஷ்டம், எது சுலபம்? பொய் இன்வாய்ஸ் கஷ்டம்தான், ஒத்துக்கறேன். சாஃப்ட்வேர் கம்பெனி, சரக்குன்னு கண்ணுக்குத் தெரியற ஒண்ணும் இல்ல, கஸ்டமர் அமெரிக்காவுல இருக்கான். ஆனா பேங்க் பேலன்ஸ்? ஒரு பேலன்ஸ் ஷீட்லயே சரிபார்க்க ரொம்ப சுலபமான வரி அதுதான். மதிப்பீடு இல்ல, அபிப்பிராயம் இல்ல. வெளிய ஒருத்தன் இருக்கான், அவனைக் கேட்டா ரூபாய் பைசா சுத்தமா சொல்லுவான். அந்த வரியிலதான் ஐயாயிரம் கோடி ஓட்டை.

எப்படி? 2011 ஏப்ரல்ல அமெரிக்காவுல பங்குச் சந்தையைக் கண்காணிக்கற எஸ்.இ.சி.யும், அங்க ஆடிட்டர்களைக் கண்காணிக்கற பி.சி.ஏ.ஓ.பி.யும் ஆர்டர் போட்டாங்க. சத்யத்தோட ஷேர் நியூயார்க்லயும் வியாபாரம் ஆச்சு, அதனால அவங்களுக்கும் அதிகாரம் உண்டு. சத்யத்துக்கு ஆடிட் பண்ணின பிரைஸ் வாட்டர்ஹவுஸோட இந்திய ஃபர்ம்கள் எஸ்.இ.சி.க்கு 60 லட்சம் டாலர், பி.சி.ஏ.ஓ.பி.க்கு 15 லட்சம் டாலர் கட்டினாங்க. அந்த ஆர்டர்ல அவங்க கண்ட விஷயம் என்னன்னா, கன்ஃபர்மேஷன் லெட்டர் போறதும் பதில் வர்றதும் சத்யம் மேனேஜ்மென்ட் கையிலயே இருந்திருக்கு. யாரைப் பத்தி விசாரிக்கறமோ அவங்களே கேள்வியையும் கொண்டு போறாங்க, பதிலையும் கொண்டு வர்றாங்க. அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. சில பேங்க் பிராஞ்சுலேர்ந்து நேரடியாவே பதில் வந்திருக்கு. அதுல இருந்த தொகைக்கும் கம்பெனி குடுத்த பேப்பர்ல இருந்த தொகைக்கும் ஏகப்பட்ட வித்தியாசம். அதுக்கு அப்புறமும் யாரும் நின்னு கேக்கல.

நான் இந்த இடத்துல கொஞ்ச நேரம் நிப்பேன். ஏன்னா இதைப் பேசறவங்க எல்லாரும் "ஆடிட்டர் காசு வாங்கியிருப்பான்"னு ரெண்டு வார்த்தையில முடிச்சுடுவாங்க. காசு வாங்கற ஆளு இருக்கலாம், இல்லன்னு சொல்லல. ஆனா இந்த லெட்டர் கை மாறறதுக்கு லஞ்சமே தேவையில்ல. அது எப்படி நடக்கும்னு ஆடிட்டுக்குப் போன ஒவ்வொருத்தருக்கும் தெரியும்.

நான் ஆர்ட்டிகிள்ஸ் பண்ணப்போ ஒரு ஃபேக்டரிக்குப் போயிருந்தோம். அங்க அக்கவுன்ட்ஸ் மேனேஜர் தங்கமான மனுஷன். ஏ.சி. ரூம் குடுப்பாரு, பதினோரு மணிக்கு வடை வரும், மத்தியானம் கேன்டீன் சாப்பாடு அவர் கணக்குல. லெட்டர் எல்லாம் சைன் ஆகி வந்துச்சு. "தம்பி, நான் எப்படியும் பேங்குக்குத்தான் போறேன், அப்படியே குடுத்து சீல் போட்டு வாங்கிட்டு வந்துடறேன். போஸ்ட்ல போட்டா ரெண்டு மாசம் ஆனாலும் அந்த மேனேஜர் பதில் போட மாட்டாரு"ன்னாரு. அவர் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. பேங்க் பதில் போடாதுங்கறது உண்மை. அவர் போனா அரை மணி நேரத்துல வேலை முடியும்ங்கறதும் உண்மை. எங்க கூட வந்த சீனியர் அக்கா, "பரவால்லங்க சார், நாங்களே பாத்துக்கறோம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லி, கவர் மொத்தத்தையும் வாங்கி என் பையில போட்டாங்க. அந்த மனுஷன் முகம் சுருங்கிப்போச்சு. "என்னம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்விதாங்க. நம்ம ஊர்ல இதுக்குப் பதில் சொல்றது ரொம்பக் கஷ்டம். வயசுல பெரியவர், சாப்பாடு போட்டவர். நம்பிக்கை இல்லன்னு சொன்னா மரியாதை இல்லாத மாதிரி ஆயிடும். இருக்குன்னு சொன்னா லெட்டரைக் குடுத்துடணும். அக்கா சொன்னாங்க, "உங்க மேல இருக்கு சார், ஆனா என் ஃபைல்ல போஸ்ட் ஆபீஸ் ரசீது இருக்கணுமே, இல்லன்னா எங்க சார் என்னைத் திட்டுவாரு." சண்டை இல்ல, பிரசங்கம் இல்ல. பழியைத் தூக்கி ரூல் மேல போட்டாங்க. நான் இன்னிக்கும் கிளையன்ட்கிட்ட இதே டயலாக்கைத்தான் சொல்றேன்.

இந்தியாவுல மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. ஜெர்மனியில வயர்கார்டுன்னு ஒரு பேமென்ட் கம்பெனி. 2020 ஜூன்ல 190 கோடி யூரோ காணோம். ஃபிலிப்பைன்ஸ்ல ரெண்டு பேங்க்ல இருக்குன்னு பேப்பர் காட்டினாங்க. அந்த ரெண்டு பேங்கும், இவங்க எங்க கஸ்டமரே இல்ல, இந்த டாக்குமென்ட் போலின்னு சொல்லிட்டாங்க. அந்தப் பணம் நாட்டுக்குள்ளயே வரலன்னு அந்த ஊர் மத்திய வங்கியும் சொல்லிடுச்சு. அடுத்த சில நாள்ல கம்பெனி திவால் மனு போட்டுச்சு. ஆடிட்டர் இ.ஒய்.ங்கற பெரிய ஃபர்ம். 2023ல ஜெர்மன் கண்காணிப்பு அமைப்பு அவங்களுக்கு அஞ்சு லட்சம் யூரோ அபராதமும், முக்கியமான கம்பெனிகள்ல புது ஆடிட் எடுக்க ரெண்டு வருஷத் தடையும் போட்டுச்சு. அதுக்கும் முன்னாடி 2003ல இத்தாலியில பார்மலாட், பால் கம்பெனி. பேங்க் ஆஃப் அமெரிக்காவுல 395 கோடி யூரோ இருக்குன்னு ஒரு பேப்பர். அப்படி ஒரு கணக்கே இல்லன்னு பேங்க் சொல்லிடுச்சு. மூணு நாடு, மூணு பெரிய ஃபர்ம், ஒரே வரியில ஓட்டை.

எங்க தொழில்ல ஒரு பழைய சமாதானம் உண்டு. 1896ல இங்கிலாந்துல கிங்ஸ்டன் காட்டன் மில் கேஸ். அதுல நீதிபதி லோப்ஸ், ஆடிட்டர் காவல் நாய் மாதிரி, மோப்பம் பிடிச்சுத் துரத்தற நாய் இல்லன்னாரு. மேனேஜர் குடுத்த ஸ்டாக் சர்டிஃபிகேட்டை ஆடிட்டர் நம்பினது தப்பில்லன்னு தீர்ப்பு. நூத்தி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, மாட்டிக்கிட்டா எல்லா ஆடிட்டரும் இதைத்தான் எடுத்து நீட்டறாங்க. எனக்கு உடன்பாடு இல்ல. சரி, காவல் நாய்னே வெச்சுப்போம். அதுக்கும் கேட்டுக்கு வெளிய யார் நிக்கறாங்கன்னு எட்டிப் பாக்கற வேலை இருக்குல்ல?

சத்யம் கேஸ் கடைசியில என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. 2015 ஏப்ரல் 9, ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உட்பட பத்து பேருக்கு ஏழு வருஷம் குடுத்துச்சு. அதுல ரெண்டு பேர் ஆடிட் பார்ட்னருங்க. அடுத்த மாசமே மேல் கோர்ட்ல தண்டனையை நிறுத்திவெச்சு ஜாமீன் ஆயிடுச்சு. 2018 ஜனவரியில நம்ம பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபி, பிரைஸ் வாட்டர்ஹவுஸ் பேர்ல இருக்கற ஃபர்ம்கள் ரெண்டு வருஷம் லிஸ்டட் கம்பெனி ஆடிட் பண்ணக்கூடாதுன்னாங்க. 2019 செப்டம்பர்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தடையை ரத்து பண்ணிடுச்சு. கூட்டுச் சேர்ந்து மோசடி பண்ணினதுக்கு ஆதாரம் இல்ல, ஆடிட்டரோட கவனக்குறைவுக்குத் தண்டனை குடுக்கற வேலை செபிது இல்லங்கறது அவங்க வாதம். சட்டப்படி அது சரியா இருக்கலாம். ஆனா கவனக்குறைவுங்கற வார்த்தைக்குள்ள ஐயாயிரம் கோடி ஒளிஞ்சுக்க முடியுதுன்னா எனக்கு அது உறுத்துது.

சட்டம் நிறைய மாறியிருக்கு. 2013 கம்பெனிச் சட்டத்துல ஆடிட்டர் சுழற்சி வந்துச்சு, லிஸ்டட் கம்பெனியிலயும் பெரிய கம்பெனியிலயும் ஒரு ஃபர்ம் தொடர்ந்து பத்து வருஷத்துக்கு மேல உக்கார முடியாது. ஒரு கோடிக்கு மேல மோசடி தெரிஞ்சா மத்திய அரசுக்குச் சொல்லணும். 2018 அக்டோபர்ல என்.எஃப்.ஆர்.ஏ.ன்னு ஒரு கண்காணிப்பு அமைப்பு வந்துச்சு, பெரிய கம்பெனி ஆடிட்டருங்களை அதுவே நேரா விசாரிக்கும். 2019லேர்ந்து நாங்க போடற கையெழுத்துக்கு எல்லாம் யூ.டி.ஐ.என்.னு தனித்தனியா ஒரு அடையாள நம்பர் வேணும். எல்லாம் நல்லதுதான். ஆனா ஃபீஸ் குடுக்கறது இன்னும் அதே கிளையன்ட்தான். ஷேர்ஹோல்டர்ஸ் நியமிக்கறாங்கன்னு சட்டம் சொல்லும், எங்க பில்லுக்கு செக் போடறது யாருன்னு எங்களுக்குத் தெரியும்.

இப்ப அந்தத் தம்பிக்கு, வேலைக்கு ஆகற மாதிரி சொல்றேன்.

லெட்டரை நீயே கொண்டு போய் ஸ்பீட் போஸ்ட் பண்ணு, ரசீதை வொர்க்கிங் பேப்பர்ல, அதாவது ஆடிட் ஃபைல்ல, ஒட்டு. பதில் மெயில்ல வந்தா அனுப்பினது பேங்க் டொமைனா, ஜிமெயிலான்னு பாரு. பி.டி.எஃப். ஸ்டேட்மென்ட்டை ஆதாரம்னு நினைக்காத, அதை எடிட் பண்ண அஞ்சு நிமிஷம் போதும். பதிலே வரலன்னா கிளையன்ட்டை உன் கண் முன்னாடி நெட் பேங்கிங் திறக்கச் சொல்லு, உன் லேப்டாப்ல, பேங்க் முகவரியை நீயே டைப் பண்ணி. எஃப்.டி. வட்டியில பேங்க் டி.டி.எஸ்.னு வரி பிடிச்சிருக்கும், அது வருமான வரித்துறையோட 26ஏ.எஸ். ஸ்டேட்மென்ட்ல தெரியும். கோடிக்கணக்குல வட்டி வரவுன்னு புத்தகம் சொல்லுது, 26ஏ.எஸ்.ல அந்த பேங்க் பேரே இல்லன்னா, சீனியர்கிட்ட அன்னிக்கே சொல்லிடு. வாயால சொல்லாத, எழுதிக் குடு. நாளைக்கு யாராவது கேட்டா தேதியோட அது ஃபைல்ல இருக்கணும்.

மேனேஜ்மென்ட் லெட்டரே அனுப்பக் கூடாதுன்னு சொன்னா? அது உன் லெவல்ல முடிவு பண்ற விஷயம் இல்ல. ஏன்னு காரணம் கேட்டு எழுதி வை, பார்ட்னர்கிட்ட கொண்டு போ. காரணம் நியாயமா இல்லன்னா அவர் போர்டுகிட்ட இல்லன்னா ஆடிட் கமிட்டிகிட்ட போகணும், ரிப்போர்ட்டையே மாத்த வேண்டி வரலாம். பார்ட்னரும் கண்டுக்காம விட்டா, அது வேற பெரிய கதை, தனி வீடியோ போடறேன்.

அப்புறம் முக்கியமானது, நிறைய பேர் கோட்டை விடற இடம். பிராஞ்ச் முகவரியை கிளையன்ட் குடுக்கற எக்செல் ஷீட்லேர்ந்து எடுத்து கவர்ல ஒட்டிடாதீங்க. அப்படி ஒட்டினா நீங்களே போஸ்ட் பண்ணியும் பிரயோஜனம் இல்ல, லெட்டர் எந்த வீட்டுக்குப் போகும்னு யாருக்குத் தெரியும். ரிசர்வ் வங்கி சைட்ல ஐ.எஃப்.எஸ்.சி. வாரியா பிராஞ்ச் முகவரி இருக்கு. அதைப் பாத்து எழுதுங்க. லிங்க் கீழ போடறேன். சரிங்க, மாடியில மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க, வரேன்.