தோள் மூட்டில் பதுங்கும் கிருமி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவருக்குச் செயற்கைத் தோள் மூட்டு பொருத்தி எட்டு மாதமாகிறது. தழும்பு சுத்தமாக ஆறியிருக்கிறது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. ஆனால் வலி விட்டபாடில்லை. தலை வாரக் கை எழும்பவில்லை. உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியாகவே இருக்கின்றன. இதை வைத்துத் 'தொற்று இல்லை' என்று முடிவு கட்டுவது, தோளைப் பொறுத்தவரை அவசரம்.

காரணம், இங்கே அடிக்கடி சிக்கும் கிருமி. கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்று பெயர். முகப்பருவோடு தொடர்புடைய அதே கிருமிதான். தோள், மார்பு, முதுகுத் தோலில் மயிர்க்கால்களை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகளில் குடியிருக்கிறது. ஆண்களிடம் அதிகம். அறுவைக்கு முன் தடவும் குளோர்ஹெக்சிடின் மேல்தோலைச் சுத்தம் செய்யும். சுரப்பியின் ஆழத்துக்கு எட்டாது. கத்தி அந்தச் சுரப்பியை வெட்டும்போதுதான் கிருமி வெளியே வருகிறது. அதனால் சில அறுவை மருத்துவர்கள், பருவுக்குப் போடும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லைச் சில நாள் முன்பிருந்தே தோளில் தடவச் சொல்வார்கள். கிருமி குறையும், அடியோடு ஒழியாது. சட்டையில் பட்டால் சாயம் வெளுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கிருமி மெதுவாக வளரும், அதுவும் ஆக்சிஜன் இல்லாத சூழலில். ஐந்தாம் நாள் 'வளர்ச்சி இல்லை' என்று லேப் கல்ச்சரை (மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையை) மூடிவிட்டால் கோட்டை விட்டதாகிவிடும். 14 நாள் வைத்திருக்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி அனுப்ப வேண்டும். பஞ்சுக்குச்சியில் ஒற்றி எடுப்பது போதாது. மூட்டைச் சுற்றி வெவ்வேறு இடங்களிலிருந்து குறைந்தது ஐந்து திசுத் துண்டுகள் தேவை, ஒவ்வொன்றுக்கும் புதுக் கருவி. ஐந்தில் ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்தால் தோலிலிருந்து ஒட்டியதாக இருக்கலாம். இரண்டு மூன்றில் அதே கிருமி என்றால் அலட்சியப்படுத்த முடியாது. நோயாளி தாங்கும் நிலையில் இருந்தால், மாதிரி எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது வழக்கம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று முன்கூட்டியே மாத்திரை கொடுப்பதுதான் கண்டுபிடிப்பைக் கெடுக்கும் பெரிய தவறு.

இனி சிகிச்சை. கிருமிகள் உலோகத்தின் மேல் ஒரு வழவழப்பான படலம் கட்டி உள்ளே ஒளிந்துகொள்ளும். மருந்து மட்டும் அதைத் துளைப்பது கடினம். அறுவை முடிந்த முதல் சில வாரங்களுக்குள் தொற்று பிடிபட்டால், படலம் முற்றியிருக்காது. மூட்டைத் திறந்து, கெட்ட திசுவை வெட்டி, லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவி, கழற்றக்கூடிய பாகங்களை மாற்றினாலே சிலருக்குப் போதும்.

நாள்பட்டதென்றால் மொத்த மூட்டும், அதை எலும்புக்குள் பிடித்துவைக்கும் சிமென்ட் இருந்தால் அதுவும் வெளியே வர வேண்டும். கிருமி இன்னதென்று தெரிந்து, மருந்துக்குக் கட்டுப்படுவதாக இருந்தால் அதே அறுவையிலேயே புது மூட்டு வைப்பவர்கள் உண்டு. இல்லையேல் இரண்டு கட்டம்: முதலில் வான்கோமைசின், ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகள் கலந்த சிமென்ட்டில் தற்காலிக மூட்டு. மருந்துத் தூளை அதிகம் கலந்தால் சிமென்ட் பலம் குறையும். கழற்றப்போகிற மூட்டுதானே, அதனால் இங்கே அது பாதகமில்லை. ஏறத்தாழ ஆறு வாரம் ஆன்டிபயாடிக், பிறகு நிலைமையைப் பார்த்துப் புது மூட்டு.

ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தந்தால் சிறுநீர், கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். ஆனால் அதைத் தனியாகத் தரக்கூடாது, கிருமி சீக்கிரம் பழகிக்கொள்ளும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அதன் வேலையை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கையில் கிடைக்கும் கல்ச்சர் அறிக்கை பெரும்பாலும் முதல் சில நாள் நிலவரம்தான். 14ஆம் நாள் முடிவு யார் கைக்கு வரும், யாரிடம் கேட்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.