பி.இ.ஐ: படகுல போங்க, பாலத்துல வாங்க

மக்களே, பி.இ.ஐ, அதாவது கனடாவோட பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட் தீவை நிலப்பகுதியோட இணைக்கற கான்ஃபெடரேஷன் பாலத்துக்கு டோல் 50 டாலர்னு இன்னும் சொல்லிட்டுத் திரியாதீங்க! 2025 ஆகஸ்ட் 1லேருந்து 20 டாலர்தான். அதுக்கு முன்னாடி 50.25. இது ரெண்டு ஆக்ஸில் வண்டிக்கு, அதாவது சாதாரண காருக்கு. பின்னாடி ட்ரெய்லர் மாட்டினா ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் தனியா ஏறும்.

அதைவிட முக்கியம், பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்டுக்குள்ள போறப்போ ஒரு பைசா கேக்க மாட்டாங்க. வெளிய வர்றப்போதான் பாலத்தோட தீவுப் பக்க முனையில, போர்டன்-கார்ல்டன் டோல்ல வாங்குவாங்க. படகுக்கும் அதே வழக்கம். பக்கத்து மாகாணம் நோவா ஸ்கோஷியாவோட காரிபூலேருந்து தீவுல இருக்கற வுட் ஐலண்ட்ஸ் வரைக்கும் 75 நிமிஷம். அந்தக் கட்டணத்தையும் பாதியாக்கிட்டாங்க, ஆனாலும் பாலத்தைவிட ஜாஸ்திதான். அதனால படகுல உள்ள போங்க, பாலத்துல வெளிய வாங்க. கடல் தாண்டுற செலவு மொத்தமே 20 டாலர். இந்தக் கணக்கு எனக்கு எவ்வளவு பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும்!

ஒரு சிக்கல் இருக்கு. குளிர்காலத்துல படகு ஓடாது. சீசன்லயும் ஒரு கப்பல் மக்கர் பண்ணினா அன்னிக்கு அட்டவணையே காலி. முன்பதிவு பண்ணிட்டு, கிளம்புற அன்னிக்குக் காலையில ஒரு தடவை பார்த்துக்கோங்க. டொராண்டோலேருந்து ஓட்டிட்டு வர்றவங்க கடிகாரத்துல ஒரு மணிநேரம் சேர்த்துக்கணும், இங்க நேரம் அவ்வளவு முன்னாடி. ஃபோன் தானா மாறிடும், கார் கடிகாரம் பல வண்டியில மாறாது.

பாலம் 12.9 கிலோமீட்டர், 1997ல திறந்தது. கடல் காட்சி பார்க்கலாம்னு ஆசைப்படாதீங்க, பக்கச்சுவர் மறைச்சிடும். நிறுத்தவும் கூடாது. பாலத்தைப் பார்க்கணும்னா போர்டன்-கார்ல்டன் கரையில இறங்கிப் பாருங்க. காத்து பலமா அடிச்சா உயரமான வண்டிகளை விட மாட்டாங்க. நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ அனுமதி இல்ல, அவங்களே ஷட்டில் வண்டியில ஏத்திட்டுப் போவாங்க.

சரி, தீவு. 5,660 சதுர கிலோமீட்டர், கனடாவுலயே சின்ன மாகாணம். பிரின்ஸ், குவீன்ஸ், கிங்ஸ்னு மூணு கவுண்டி. தலைநகர் ஷார்லட்டவுன், பாலத்துலேருந்து முக்கால் மணிநேரம். கனடாவை உருவாக்கறதுக்கு வழிவகுத்த 1864 மாநாடு அங்கதான் நடந்தது, ஆனா தீவு கனடாவோட சேர்ந்தது 1873லதான். மண் செக்கச்செவேல்னு இருக்கும், இரும்பு ஆக்சைடு. அதுலதான் உருளைக்கிழங்கு. சின்னதுதானேன்னு மேற்கு முனை, கிழக்கு முனை ரெண்டையும் ஒரே நாள்ல போடாதீங்க. குறுக்க இல்ல, நீளவாக்குல 220 கிலோமீட்டருக்கு மேல.

ஜூலையில கேவண்டிஷ் கடற்கரைக் கூட்டம் எனக்கு ஆகவே ஆகாது. தீவுலயே இருக்கற கிரீனிச் கடற்கரைப் பூங்காவுக்குப் போங்க. மரப்பலகைப் பாதை குளத்து மேலயே போய் மணல்மேட்டுல விடும். அங்க புல்லை மிதிக்காதீங்க. மணலைப் பிடிச்சு வச்சிருக்கறதே அந்த வேர்தான், செத்துதுன்னா மேடு காத்தோட போயிடும். தண்டர் கோவ் கரையில இருந்த டீகப் பாறை பழைய ஃபோட்டோல அழகா இருக்கும். தேடிப் போகாதீங்க, 2022 ஃபியோனா புயல்ல போயாச்சு.

ஆங், லாப்ஸ்டர் விட்டுட்டேன்! வடக்குலயும் கிழக்குலயும் பிடிக்கற சீசன் மே, ஜூன். தென்மேற்குப் பக்கம் ஆகஸ்ட்லேருந்து அக்டோபர். ஜூலையில கிடைக்கறது பெரும்பாலும் தொட்டியில போட்டு வச்சது. விலைப் பலகையில வரி சேர்ந்திருக்காது, மேல 15 சதவீதம் போட்டுக்கோங்க.