தோலைக் கிழித்த எலும்பு

நேயர்களுக்கு வணக்கம். முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறத்தை விரலால் வருடிப் பாருங்கள். அங்கே எலும்புக்கும் விரலுக்கும் நடுவே தோலைத் தவிர ஏறத்தாழ ஒன்றுமில்லை. வண்டியிலிருந்து விழுந்து அந்த எலும்பு முறியும்போது தோலும் எளிதில் கிழிந்து, சாலையின் மண்ணும் கிருமியும் உள்ளே புகுந்துவிடுகின்றன. இதையே திறந்த எலும்பு முறிவு என்கிறோம்.

1865 ஆகஸ்ட் 12 அன்று, கிளாஸ்கோ ராயல் இன்பர்மரி மருத்துவமனைக்கு, வண்டிச் சக்கரம் இடது காலில் ஏறிய 11 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். இத்தகைய காயம் சீழ்பிடிப்பதும், உயிரைக் காக்கக் காலையே எடுப்பதும் அக்காலத்தில் வழக்கம். அங்கு அறுவை மருத்துவராக இருந்த ஜோசப் லிஸ்டர், கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தியதை அறிந்திருந்தார். சாக்கடையில் ஊற்றுவதைக் காயத்தில் வைப்பதா என்று நாமாக இருந்தால் தயங்கியிருப்போம். அவரோ அதில் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். நான்கு நாள் கழித்துப் பிரித்தபோது, அஞ்சிய சீழ் இல்லை. அமிலம் பட்ட எரிச்சல் மட்டுமே இருந்தது. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது.

இப்போதுதான் கிருமிக்கொல்லி ஊசி இருக்கிறதே, பிறகென்ன என்று உறவினர்கள் கேட்பதுண்டு. அந்த ஊசியை இயன்றவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பது உண்மையே. ஆனால் மருந்து இரத்தத்தின் வழியாகவே செல்கிறது; நசுங்கிச் செத்த தசையில் இரத்த ஓட்டம் இல்லாததால், கிருமி அங்கே பாதுகாப்பாகக் குடியிருக்கும். ஆகவே செத்த தசையை வெட்டி நீக்கி, சலைன் எனும் உப்பு நீரால் நிறையக் கழுவுவதே சிகிச்சையின் உயிர். மீண்டும் சொல்கிறேன், ஊசி கழுவுதலுக்குத் துணையே தவிர மாற்றன்று. 2,400-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2015-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், சோப்புக் கரைசலைவிட வெறும் சலைனே நல்ல பலன் தந்தது.

எனவே காயத்தில் காப்பித்தூளோ மஞ்சள்தூளோ வைக்காதீர்கள். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, காலை அசையாமல் பலகையோடு கட்டி அழைத்து வாருங்கள். அடிபட்டவர் இரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியைக் கடைசியாக எப்போது போட்டுக்கொண்டார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

காலைக் காக்க முடியுமா என்று கணிக்கக் கோவை கங்கா மருத்துவமனை உருவாக்கிய மதிப்பெண் முறையையும், தோலையும் தசையையும் கொண்டு எலும்பை மூடும் அறுவையையும் விளக்க எண்ணியிருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: வீடு திரும்பியபின் காய்ச்சலோ காயத்தின் கட்டுத்துணியில் கசிவோ கண்டால், அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே வாருங்கள். வணக்கம்.