சாப்பாடு எந்த ஜீனை எழுப்புது, எதை அடக்குது? பெருங்குடல் அழற்சியும் புற்றுநோயும்

வணக்கம் மக்களே. இன்னிக்குப் பெருங்குடலைப் பத்திப் பேசலாம். அல்சரேட்டிவ் கோலைடிஸ் (பெருங்குடல் உள்தோல் அழற்சியாகிப் புண்ணாகிற நோய்) இருக்கிறவங்க, க்ரோன்ஸ் (செரிமானப் பாதையில எங்க வேணும்னாலும் அழற்சி வர்ற நோய்) இருக்கிறவங்க, பாலிப் (குடல் உள்பக்கம் வளர்ற சின்னக் கட்டி) எடுத்துக்கிட்டவங்க, குடும்பத்துல யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்து பயந்துபோய் இருக்கிறவங்க, எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான்: "என்ன சாப்பிட்டா நல்லது?" இதுக்கு நேரடியா ஒரு பட்டியல் போட முடியாது. குடல் இப்போ எந்த நிலைமையில இருக்குன்னு முதல்ல தெரியணும். ஒரே சத்து நல்ல குடல்ல ஒரு வேலை செய்யும், புண்ணான குடல்ல வேற வேலை செய்யும். ஜீன் அளவுல பாத்தா காரணம் புரியும்.

டிஎன்ஏ நம்ம செல்லுக்குள்ள ஹிஸ்டோன்ங்கிற புரத உருண்டைகளைச் சுத்திக்கிட்டுக் கிடக்கு. ஹிஸ்டோனோட வால்ல அசிட்டைல் ஒட்டினா அந்த இடம் தளர்ந்து ஜீன் வேலை செய்ய ஆரம்பிக்கும். அந்த அசிட்டைலைப் பிடுங்குற நொதிகள் இருக்கு, ஹெச்டேக்னு சொல்வாங்க. அது பிடுங்கிட்டா இடம் இறுகிடும், ஜீன் அடங்கிடும். இன்னொரு வழி மீத்தைல். ஜீனோட தொடக்கப் பகுதியில டிஎன்ஏ மேலயே மீத்தைல் ஒட்டினா, பெரும்பாலும் அந்த ஜீன் ஊமையாயிடும். டிஎன்ஏவோட எழுத்து மாறல, எதைப் படிக்கணும் எதை விடணும்ங்கிறதுதான் மாறுது. பெருங்குடல் உள்தோல் செல்கள் சில நாளைக்கு ஒருமுறை புதுசாகிறதால, சாப்பாடு மாறினா இங்க சீக்கிரமே தெரிஞ்சுடும்.

எவ்வளவு சீக்கிரம்னு கேட்டா, 2015-ல ஸ்டீஃபன் ஓகீஃப் குழு வெளியிட்ட ஆய்வைச் சொல்லணும். ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேர், கிராமப்புறத் தென்னாப்பிரிக்கர்கள் 20 பேர். ரெண்டு வாரத்துக்கு ரெண்டு பக்கத்துச் சாப்பாட்டையும் இடம் மாத்திக் கொடுத்தாங்க. அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து நாளைக்கு 14 கிராம்ல இருந்து 55 ஆச்சு, தென்னாப்பிரிக்கர்களுக்கு 66-ல இருந்து 12-க்கு இறங்கிச்சு. நார்ச்சத்து கூடின பக்கம் பியூட்டிரேட் (குடல் பாக்டீரியா தயாரிக்கிற ஒரு கொழுப்பு அமிலம்) ரெண்டரை மடங்கு ஏறுச்சு, செல் பெருக்கத்தைக் காட்டுற கேஐ-67 குறைஞ்சுது. இன்னொரு பக்கம் எல்லாமே தலைகீழ். ரெண்டு வாரத்துல புற்றுநோய் வரவும் செய்யாது, போகவும் செய்யாது. இதெல்லாம் ஆபத்தைக் காட்டுற அடையாளங்கள், அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க.

இந்த பியூட்டிரேட்தான் முக்கியமான ஆள். நம்மால செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பீக்கலிபாக்டீரியம், ரோஸ்பூரியா மாதிரி பாக்டீரியாக்கள் நொதிக்க வச்சு இதைத் தயாரிக்குது. பெருங்குடல் செல்லுக்குத் தேவையான சக்தியில சுமார் 70 சதவீதம் இதுலேர்ந்துதான் வருது. நல்ல செல் அதை எரிச்சுத் தீத்துடும். புற்றுநோய் செல் குளுக்கோஸைத்தான் எரிக்கும், அதனால பியூட்டிரேட் எரியாம உட்கருவுல சேருது. அங்க அது ஹெச்டேக்கைத் தடுக்குது. பி21-ங்கிற ஜீன் எழும்புது, செல் பிரியிறது நிக்குது. நோயெதிர்ப்புப் பக்கம், அழற்சியைக் கட்டுப்படுத்துற டி-செல்லுக்கு வேண்டிய ஃபாக்ஸ்பி3 ஜீனையும் இது தூண்டுது. அழற்சி ஜீன்களை எழுப்புற என்எஃப்-கப்பா-பி புரதத்தை மட்டுப்படுத்துறதால டிஎன்எஃப், ஐஎல்-6 மாதிரி அழற்சி ஜீன்களும் அடங்குது.

இதைக் கேட்டதும் நார்ச்சத்துப் பொடி வாங்கிடாதீங்க. குடல் புண்ணா இருக்கும்போது, பியூட்டிரேட்டை செல்லுக்குள்ள இழுக்கிற எம்சிடி1-ங்கிற கடத்திப் புரதம் குறைஞ்சு போயிருக்கும். அதைத் தயாரிக்கிற பாக்டீரியாவும் குறைஞ்சிருக்கும். அப்போ இன்யூலின் (வெங்காயம், பூண்டு மாதிரி உணவுகள்ல இருக்கிறது) வகை நார்ச்சத்து நொதிக்காம முழுசா நின்னுடுது. அப்படி நிக்கிறது சில நோயாளிகளோட நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டிவிட்டு அழற்சியை ஏத்துதுன்னு 2023-ல வந்த ஆய்வு காட்டுச்சு. குழந்தைகளுக்கு வர்ற க்ரோன்ஸுக்கு முதல் சிகிச்சைகள்ல ஒண்ணே, 6 முதல் 8 வாரம் வேற எதுவும் சாப்பிடாம திரவ உணவு மட்டும் குடிக்கிறது. அதுல நார்ச்சத்து பெருசா இருக்காது, ஆனாலும் அழற்சி இறங்குது.

அதனால நோய் தீவிரமா இருக்கும்போது தோல் நீக்கி, நல்லா குழைய வேகவச்சதைச் சாப்பிடுங்க. குடல் குறுகியிருக்குன்னு ஸ்கேன்ல சொல்லியிருந்தா பாப்கார்ன், முழுக் கொட்டைகள், பச்சைக் காய்த்தோல் எதுவும் வேண்டாம், அடைச்சுக்கும். நோய் அடங்கின பிறகு வாரத்துக்கு சுமார் 5 கிராம் கணக்குல ஏத்தி, 25-30 கிராமுக்குக் கொண்டுபோங்க. கணக்கு பழகட்டும்னு சொல்றேன்: 40 கிராம் ஓட்ஸ்ல சுமார் 4 கிராம் நார்ச்சத்து, வேகவச்ச கொண்டைக்கடலை 100 கிராம்ல 7 கிராமுக்கு மேல. ஒரே நாள்ல 10-லேர்ந்து 30-க்குத் தாவினா வயிறு உப்பும், வலிக்கும், நீங்களே நிறுத்திடுவீங்க. தண்ணியும் கூடவே கூடணும்.

வேகவச்ச சோறு, உருளைக்கிழங்கை ஆறவிட்டா அதுல ஒரு பகுதி மாவுச்சத்து செரிக்காத வகையா மாறும். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் சூடு பண்ணினாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஆனா வெளியில வச்சு ஆறவிடாதீங்க. அகலமான தட்டுல பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைங்க. வெளியில வச்ச சோத்துல வளர்ற பேசில்லஸ் சீரியஸ்ங்கிற பாக்டீரியா விடுற நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. நோயெதிர்ப்பை அடக்குற அசாதயோப்ரின், பயாலஜிக் ஊசி எடுக்கிறவங்க இதுல கூடுதல் கவனமா இருங்க.

லிஞ்ச் சிண்ட்ரோம் (பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுற பரம்பரை நிலை) இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நாளைக்கு 30 கிராம் செரிக்காத மாவுச்சத்து கொடுத்துப் பாத்த காப்2 ஆய்வுல பெருங்குடல் புற்றுநோய் குறையல. குறைச்சது அதே ஆய்வுல கொடுத்த ஆஸ்பிரின்தான். அதையும் மருத்துவர் சொன்னா மட்டும்தான் எடுக்கணும்.

அடுத்து ஃபோலேட்ங்கிற பி வைட்டமின். மீத்தைல் ஒட்டுறதுக்கும் இது வேணும், புது டிஎன்ஏ கட்டுறதுக்கும் இது வேணும். குடல் நல்லா இருக்கிறவங்களுக்கு உணவுல வர்ற ஃபோலேட் நல்லதுதான். ஆனா பாலிப் எடுத்தவங்களுக்குத் தினம் 1 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்த சோதனை 2007-ல வெளியாச்சு. புது பாலிப் வர்றது குறையல. நீண்ட கண்காணிப்புல, முத்தின வகைப் பாலிப் கூடுற அறிகுறிதான் தெரிஞ்சுது. வேகமாப் பிரியிற செல்லுக்கு டிஎன்ஏ கட்டப் பொருள் கொடுத்தா அதுவும் எடுத்துக்கத்தானே செய்யும்? அதே சமயம் சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறவங்களுக்கு மருத்துவர் ஃபோலிக் ஆசிட் எழுதிக் கொடுத்திருந்தா, இந்த வீடியோவைப் பாத்துட்டு நிறுத்தாதீங்க. அந்த மருந்துகள் ஃபோலேட் வேலையைக் கெடுக்குது, அதை ஈடுகட்டத்தான் கொடுத்திருக்காங்க.

இறைச்சி விஷயத்துல, மீத்தைல் ஒட்டுறதோட இன்னொரு முகம் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-ல பதப்படுத்தின இறைச்சியை முதல் பிரிவுல, அதாவது மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானதுகள்ல சேத்துச்சு. தினம் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து, இருக்கிற அளவுலேர்ந்து 18 சதவீதம் கூடும். சிவப்பு இறைச்சில இருக்கிற ஹீம் இரும்பு குடல்ல நைட்ரோசோ சேர்மங்கள் உருவாக உதவுது. அது டிஎன்ஏல குவானின் மேல தப்பான இடத்துல ஒரு கார்பன் தொகுதியை ஒட்டிடும். எம்ஜிஎம்டி-ங்கிற புரதம் அதைப் பிடுங்கித் தன் மேலயே ஒட்டிக்கும். ஒரு மூலக்கூறு ஒரே ஒரு தடவைதான் இந்த வேலையைச் செய்யும், அதோட அது முடிஞ்சுது. இப்போ அந்த எம்ஜிஎம்டி ஜீனே மீத்தைல் ஒட்டி ஊமையாயிட்டா? திருத்த ஆள் இல்ல, செல் வளர்ச்சியைத் தூண்டுற கேராஸ் மாதிரி ஜீன்ல நிரந்தரமா எழுத்து மாறிடுது. முதல்ல ஒரு ஜீன் அடங்குது, அப்புறம் இன்னொரு ஜீனோட எழுத்தே மாறுது. எனக்கு இந்தப் பாதையிலயே ரொம்பக் கவலை தர்ற இடம் இதுதான்.

கோலைடிஸ் ரொம்ப வருஷமா இருக்கிறவங்களுக்குச் சாப்பாட்டோட கண்காணிப்பும் அவசியம். ஏபிசி, டிபி53 ரெண்டும் புற்றுநோயைத் தடுக்கிற ஜீன்கள். சாதாரணமா பாலிப் வழியா வர்ற புற்றுநோய்ல ஏபிசி ஜீன் முதல்ல கெடும், டிபி53 பின்னாடிதான். அழற்சிலேர்ந்து வர்றதுல டிபி53 ஆரம்பத்துலயே கெடுது, தட்டையா பரவுது, சும்மா பாத்தா கண்ணுக்குப் படாது. அதனாலதான் பெருங்குடல்ல நோய் தொடங்கி 8 வருஷம் ஆனதும் கண்காணிப்புக் கொலனோஸ்கோபி ஆரம்பிக்கச் சொல்றாங்க. சாப்பாடு நல்லா இருக்குங்கிறதுக்காக இதைத் தள்ளிப்போடாதீங்க.

உணவை மாத்தினது வேலை செய்யுதான்னு வயித்து வலியை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. மலத்துல கால்ப்ரொடெக்டின் (அழற்சி இருந்தா கூடுற ஒரு புரதம்) பாருங்க. ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ இருந்தா சாதாரணமா நிம்மதி, 250-ஐத் தாண்டினா பெரும்பாலும் அழற்சி நடந்துட்டிருக்குன்னு அர்த்தம். மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு, சில வாரம் கழிச்சு ஒண்ணு, ரெண்டையும் அதே லேப்ல எடுங்க. ரெண்டு தடவையும் காலையில முதல் மலத்துலேர்ந்து மாதிரி எடுங்க. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை சாப்பிட்டிருந்தா நம்பர் தானா ஏறிக் காட்டும், அதை முன்னாடியே மருத்துவர்கிட்ட சொல்லிடுங்க.