பாண்டா காசை உருக்கலாமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணா, சித்தப்பா பாண்டா கரடி போட்ட தங்கக் காசு கொடுத்தார், 2018-ஆம் வருஷத்துக் காசு. நாலு பவுன் தேறும் என்கிறார். கடைத் தராசில் 30 கிராம்தான் காட்டுகிறது. உருக்கி வளையல் செய்யலாமா?" இதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமே சரியில்லை. உருக்காதீர்கள் அம்மா.

சித்தப்பா சொன்னது சரிதான். நான் எப்போதும் சொல்வதுதான்: எடையோடு மாற்றையும், அதாவது தங்கம் எவ்வளவு சுத்தம் என்பதையும் பாருங்கள், விலங்கு அப்புறம். சீனாவின் பாண்டா காசு 1982-இல் வந்தது. 2015 வரை பெரிய காசு ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். 2016 முதல் 30 கிராம். தராசுக்கு மூணே முக்கால் பவுன்தான். ஆனால் அது சொக்கத் தங்கம். செம்பு சேர்த்து நம்ம நகைக்கான 22 கேரட்டாக்கினால் 32 கிராமுக்கு மேலேயே வரும். நாலு பவுன் ஆச்சா!

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்ட் தங்கக் காசு நேர் எதிர். 1967-இல் வந்தது, ஸ்பிரிங்பாக் மான் துள்ளும். தராசில் 33.93 கிராம், உள்ளே சுத்தத் தங்கம் அதே 31.1. அது 22 கேரட், மிச்சம் செம்பு. அந்த மான் வருஷா வருஷம் மாறாது, அதனால் பெரும்பாலும் தங்க விலைக்கே போகும். பாண்டாவுக்கோ ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் புதுப் படம். சேகரிப்பவர்கள் அந்தப் படத்துக்காகவும் கொடுப்பார்கள். உருக்கினால் அந்தக் கூடுதல் பணம் போச்சு.

எங்கள் அத்தையிடம் சிங்கமும் பனைமரமும் போட்ட, கிழக்கிந்தியக் கும்பெனிக் காலத்துத் தங்கக் காசான மொகரா ஒன்று இருந்தது. வளையம் பற்றவைத்து டாலராகக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டினோம். பற்றவைத்த தடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இனி தங்க விலைதான் அம்மா" என்றார். அத்தை அன்று சாப்பிடவே இல்லை.

அந்தச் சிங்கம் எங்கே போனது என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கிறேன். 1935-இல் ரிசர்வ் வங்கி தொடங்கியபோது, முத்திரைக்குக் கும்பெனியின் இரட்டை மொகராவைத்தான் மாதிரியாக எடுத்தார்கள். இந்த நாட்டுக்குரியது புலிதான் என்று சிங்கத்தை மட்டும் மாற்றினார்கள். பர்ஸிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுங்கள். அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளே பாருங்கள், அத்தை காசில் இருந்த அதே பனைமரத்தோடு புலி நிற்கும்.